பழைய வீட்டை மாற்றப் போகிறீர்களா? முதலில் வாசலை நகர்த்துங்கள்

எங்கள் வீட்டில் அம்மாவின் கட்டிலில் இருந்து கக்கூசுக்கு 74 அடி. வழியில் நான்கு நிலைப்படி, கடைசியில் புறவாசலுக்கு இறங்க மூன்று படி. அம்மாவுக்கு 84 வயது, ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பாள். நான் அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் டேப்பை எடுத்து அளக்கிற வரைக்கும் அது 74 அடி என்று எனக்குத் தெரியாது.

வீடு அம்பாசமுத்திரத்தில், தாத்தா காலத்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். உள்ளளவு அகலம் 17 அடி, நீளம் தெருவில் இருந்து பின்சுவர் வரை 96 அடி. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் திண்ணை, தார்சா என்கிற முன்கூடம், பட்டாசல் என்கிற பெரிய கூடம், அப்புறம் ஒரு இருட்டு நடை. நடைக்கு ஒரு பக்கம் நெல் கொட்டி வைக்கிற அரங்கு, மறு பக்கம் சாமி அறை. அதைத் தாண்டி முற்றம், அடுக்களை, புறவாசல், கிணறு. நம் பக்கத்துப் பழைய தெருக்களில் பாதி வீடு இப்படித்தான் இருக்கும். அதனால்தான் நான் செய்ததையும் தப்பு செய்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை, 31 வருஷம் தபால் ஆபீசில் இருந்தவள். ஆனால் ஒன்றரை வருஷம் கொத்தனார் பின்னாலேயே நின்றிருக்கிறேன்.

வேலையை ஆரம்பிக்க வைத்தது 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய அதே மழைதான். முற்றத்தின் மேல் அப்பா போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு வழியாகத் தண்ணீர் இறங்கி அடுக்களை முழுக்கக் குளமாகிவிட்டது. சரி, எப்படியும் செலவு செய்யத்தான் போகிறோம், ஒழுங்காகவே செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

முதலில் வந்து பார்த்த கான்ட்ராக்டர் ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டார். "இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிரலாம்மா." இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள வீட்டை எப்படி இடிப்பீர்கள் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் வேலை, கிராஃப் பேப்பர்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற கிராஃப் தாள் பத்து வாங்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்து வீட்டை வரையுங்கள். சுவரின் தடிப்பையும் சேர்த்து வரைய வேண்டும்; பழைய வீட்டில் சுவரே ஒண்ணேகால் அடி, ஒன்றரை அடி இருக்கும். ஆறு சுவர் சேர்ந்தால் ஒரு சின்ன அறை அளவு இடம் அதிலேயே போய்விடும். ஜன்னல், நிலை, தூண், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தரை எங்கே எத்தனை அங்குலம் ஏறுகிறது எல்லாம் குறியுங்கள்.

அப்புறம் ஒரு நாள் முழுக்க வீட்டில் உள்ளவர்கள் நடக்கிற வழியைக் கோடு போடுங்கள். எனக்குப் பச்சை, அம்மாவுக்குச் சிவப்பு, வேலைக்கு வரும் அக்காவுக்கு நீலம். சாயங்காலம் தாளைப் பார்த்தால் வீட்டின் நடுவில் தடித்த ஒரு கயிறு ஓடுகிற மாதிரி இருந்தது. எல்லாக் கோடும் அந்த ஒரே பாதையில்தான். ஏனென்றால் எல்லா வாசலும் சுவரின் நட்டநடுவில், ஒன்றுக்கொன்று நேராக இருந்தன. தெருவில் நின்றால் கிணற்றடி தெரியும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அறையின் அகலம் 17 அடி. நடுவில் 3 அடிக்கு நடைபாதை போனால் இரண்டு பக்கமும் ஆளுக்கு 7 அடி மிஞ்சும். அந்த 7 அடியில் ஆறேகால் அடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் கிட்டத்தட்டப் பாதை வரைக்கும் வந்துவிடும். சுவரோடு நீளவாக்கில் போட்டால் பீரோவுக்கு இடம் பத்தாது. பட்டாசல் 17-க்கு 16 அடி, அதாவது 272 சதுர அடி. சென்னையில் என் தம்பி குடியிருக்கிற ஃபிளாட்டின் ஹால்கூட அவ்வளவு இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் எப்போதும் "இடமே இல்லை". அந்த வாசல்களைப் பக்கச் சுவரை ஒட்டித் தள்ளினால் பாதையும் சுவரோரம் போய்விடும். மூலையில் 2 அடி சுவரை விட்டு 3 அடி வாசல் வைத்தால், மறு பக்கம் 12 அடி ஒரே துண்டாகக் கிடைக்கும். 7-ம் 7-ம் இரண்டு துண்டாக இருப்பதற்கும் 12 ஒரே துண்டாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் குடியிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மூலையில் விட்ட அந்த 2 அடியும் வீணில்லை; ஒன்றரை அடி ஆழத்தில் கூரை வரை அலமாரி வைக்கலாம்.

அறை கூட்டவில்லை, மாடி எழுப்பவில்லை. வாசலைத்தான் நகர்த்தினோம்.

அம்மாவிடம் திட்டத்தைக் காட்டியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "படுத்திருந்தா தெரு தெரியுமா?" தார்சாவுக்கும் பட்டாசலுக்கும் நடுவில் இருந்த பழைய வாசலை அடைத்துவிட்டால் தெரியாது. "தெருவப் பாக்காம என்னய இருட்டுக்குள்ள அடைக்காத" என்று சொல்லிவிட்டாள். அதனால் பழைய தேக்கு நிலையைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, அதற்குள் கீழே இரண்டரை அடிக்குச் சுவர் எழுப்பி, மேலே கம்பி வைத்து ஜன்னலாக்கினோம். நடைக்கும் முற்றத்துக்கும் இடையில் இருந்த வாசலுக்கும் அதே வைத்தியம். ஆள் நடக்கிற வழி ஓரத்துக்குப் போனது; காற்றும் வெளிச்சமும் போகிற வழி தாத்தா வைத்த இடத்திலேயே இருக்கிறது. வாசலுக்கு நேர் வாசல் அடைபடக் கூடாது என்று சொல்ல வந்த சித்தப்பாவுக்கும் சமாதானம்.

எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது

பழைய வீட்டில் தூணும் பீமும் உள்ள ஃபிரேம் கட்டடம் கிடையாது. சுவர்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. "இது சும்மா தடுப்புச் சுவர்தான்" என்று யாராவது வெறும் கையால் தட்டிப் பார்த்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

அண்ணாந்து பாருங்கள். எங்கள் வீட்டு மச்சு, அதாவது மேல்தளம், தேக்குக் கட்டை வரிசை வைத்துப் போட்டது. கட்டைக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக, கோணல் வரிசையில் ஒட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்கிறார்களே, அதுதான். கட்டைகளின் முனை எந்தச் சுவரில் போய் உட்காருகிறதோ அந்தச் சுவர் பாரம் தாங்குகிற சுவர். எங்கள் வீட்டில் கட்டைகள் தெருப் பக்கம் இருந்து பின்பக்கம் நோக்கி ஓடுகின்றன. ஆக, வாசல் வெட்ட வேண்டிய மூன்று குறுக்குச் சுவரும் பாரச் சுவர்கள்தான். நடையின் இரு பக்கமும் அரங்கையும் சாமி அறையையும் பிரித்த சுவர்கள் கட்டைக்கு இணையாக ஓடின. அவற்றின் தலைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. பின்னால் யாரோ எழுப்பியவை. அவற்றை எடுத்தோம்.

இதை நீங்களே பார்த்து ஓர் அபிப்பிராயத்துக்கு வரலாம், ஆனால் முடிவு எடுக்காதீர்கள். ஒரு கட்டமைப்புப் பொறியாளரை ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டுங்கள். மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை. அவர் வரும்போது கட்டை முனைகளைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கட்டை நடுவில் அவ்வளவாகக் கெடாது. சுவருக்குள் புதைந்த முனைதான் ஈரம் குடித்து இற்றுப்போகும், கரையானும் அங்கேதான் ஏறும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் நல்ல தேக்கு எதிர்க்கும், இற்றது கேக் மாதிரி உள்ளே விடும். எங்களுக்கு 43 கட்டையில் மூன்று போயிருந்தது.

வாசல் வெட்டும் முறை

எங்கள் கொத்தனார் அறுபது தாண்டியவர், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். அவர் செய்த முறையை அப்படியே சொல்கிறேன்.

வெட்டப்போகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் கட்டைகளுக்கு அடியில் பலகை கொடுத்து இரும்பு முட்டு ஏற்றினார். முட்டுக்கு அடியிலும் ஒரு பலகை, பாரம் தரையில் ஒரே புள்ளியில் இறங்கக் கூடாது. அப்புறம் வாசலின் மேல்மட்டத்தில், சுவரின் பாதித் தடிப்புக்கு மட்டும் ஒரு பக்கத்தில் இருந்து காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டினார். வாசலைவிட இரண்டு பக்கமும் முக்கால் அடி கூடுதல் நீளம். அந்தக் காடிக்குள் ஒரு இரும்பு கர்டரை வைத்து, மேலே உள்ள சந்தைக் கெட்டியான கலவையால் குத்திக் குத்தி அடைத்தார். இரண்டு பக்க உட்காரும் இடத்திலும் கான்கிரீட் மெத்தை. இது இறுகும் வரை ஐந்து நாள் அந்தச் சுவரில் கை வைக்கவில்லை. அதற்குப் பின் மறு பக்கம் இருந்து மிச்சப் பாதிக்குக் காடி, இன்னொரு கர்டர், மறுபடி காத்திருப்பு. இரண்டும் பிடித்த பிறகே கீழே உள்ள சுவரை மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார். கல் எடுக்க உளியும் சுத்தியலும் மட்டும். பிரேக்கர் மெஷின் கூடவே கூடாது. அந்த அதிர்ச்சியில் சுண்ணாம்புச் சாந்து தூளாகக் கொட்டிவிடும்.

கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், பார்த்துவிட்டேன். இரண்டாவது சுவர் வேலையின்போது கொத்தனார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்திருந்த பையன் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எங்கிருந்தோ ஒரு பிரேக்கரை வாடகைக்கு எடுத்து வந்து, ஒரு பக்கக் கர்டர் மட்டும் வைத்திருந்த சுவரைக் கீழிருந்து இடிக்க ஆரம்பித்துவிட்டான். நான் அடுக்களையில் இருந்தேன். சத்தத்தைவிட முதலில் வந்தது தூசி. ஓடிப்போய்ப் பார்த்தால் மச்சில் இருந்து இரண்டு செங்கல் விழுந்து கிடக்கிறது, மேலே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் கட்டைக்குக் கட்டை தாவிப் போகிறது. அம்மாவைத் தார்சாவுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, கை நடுங்கிக்கொண்டே கொத்தனாருக்குப் போன் செய்தேன். பந்தியில் இருந்து எழுந்து வந்தார். வந்து முதலில் பையனைத் திட்டவில்லை, நான்கு முட்டு கூடுதலாக ஏற்றினார். அப்புறம்தான், "செவருக்குச் சொல்லிட்டுல்லா கை வைக்கணும்" என்றார். அன்று முதல் என் விதி: கொத்தனார் இல்லாத நாளில் சுவர் வேலை இல்லை. பூச்சு, சுத்தம், மணல் சலிப்பது எது வேண்டுமானாலும் நடக்கட்டும்.

புது வாசலுக்கு அளவு: நிலை நீங்கலாகத் திறப்பு மட்டும் 3 அடி இருக்கட்டும். இன்றைக்கு யாரும் வீல்சேரில் இல்லை என்று நினைக்காதீர்கள். பழைய நிலை ஐந்தரை அடி உயரம்தான், என் அண்ணன் வரும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்வான். புதியது ஆறே முக்கால் அடி. நிலைப்படி உள்வாசல்களுக்கு வேண்டாம் என்றேன். அம்மா, தெருவாசல் நிலைப்படியைத் தொடக் கூடாது, வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுகிற இடம் என்றாள். தொடவில்லை.

கக்கூசை உள்ளே கொண்டுவருவது

அறுபது எழுபது வயதுக்காரர்கள் உள்ள பழைய வீட்டில் மற்ற எல்லா மாற்றமும் ஆசைக்கு. இது ஒன்றுதான் தேவைக்கு.

இடத்தை முடிவு செய்வது உங்கள் விருப்பம் இல்லை, குழாயின் சரிவு. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி இறக்கம் வேண்டும். அதாவது அடிக்கு 0.3 அங்குலம். எங்கள் அரங்கில் இருந்து புறவாசல் செப்டிக் டேங்க் வரை 50 அடி, 50-ஐ 0.3-ஆல் பெருக்கினால் 15 அங்குலம். கக்கூஸ் தரையில் குழாய் புறப்படும் மட்டத்துக்கும் டேங்கில் நுழையும் மட்டத்துக்கும் அந்த 15 அங்குல வித்தியாசம் இருக்கிறதா என்று டியூபில் தண்ணீர் விட்டு ரசமட்டம் பிடித்துப் பாருங்கள். எங்களுக்கு 19 அங்குலம் இருந்தது, தப்பித்தோம். தார்சாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இன்னும் 28 அடி கூடும், மட்டம் கிடைத்திருக்காது. மட்டம் பத்தாமல் கக்கூஸ் தரையை இரண்டு படி உயர்த்திக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்காகக் கட்டிவிட்டு வயதானவர்கள் ஏற முடியாமல் வைப்பது அது. குழாய் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் மூடி போட்ட சேம்பர் வையுங்கள். கிணறு இருந்தால் டேங்கும் உறிஞ்சுகுழியும் 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். எங்கள் பழைய டேங்க் கிணற்றுக்கு அவ்வளவு தள்ளி இல்லை, இருக்கிற இடமே அவ்வளவுதான். அதனால் கிணற்றுத் தண்ணீரைத் தோட்டத்துக்கும் தரை கழுவவும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

அரங்கும் நடையும் சாமி அறையும் சேர்ந்து இருந்த 17-க்கு 9 அடி இப்படிப் பிரிந்தது: வடக்கோரம் 5 அடி புது நடை, அலமாரியோடு. நடுவில் 5 அடி அகலத்துக்குத் துணி மாற்றும் இடம்; பழைய நடுவாசல் இப்போது இதற்குக் கதவு. அதன் பின்சுவரில் இருந்த வாசல்தான் ஜன்னலாகி முற்றத்து வெளிச்சத்தைக் கொடுக்கிறது. தெற்கோரம் 6-க்கு 9 குளியலறை, கக்கூஸ் சேர்த்து. அம்மாவின் கட்டிலில் இருந்து இப்போது 14 அடி, ஒரு நிலைப்படி கிடையாது. பக்கத்தில் கக்கூஸ் வரும்போது சாமியை அங்கே வைக்க முடியாது என்று, பட்டாசலின் கிழக்குச் சுவரில் அலமாரி செய்து மாற்றினோம். நல்ல நாள் பார்த்து, அம்மாவே படங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள்.

நெல் அரங்கை இடிக்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வயலை விற்று இருபது வருஷம் ஆகிறது; கடைசியாக அதில் கொட்டியது அம்பை 16, எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் வந்த நெல்தான். மூலையைக் கூட்டியபோது ஒரு படி நெல் இருந்தது. வீட்டின் நடுமத்தியில் இருபது வருஷமாக ஒரு படி நெல்லுக்கு அறை விட்டு வைத்திருந்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அறை இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

குளியலறையில் கவனிக்க வேண்டியது இது. சுண்ணாம்புச் சுவரில் நேராக டைல்ஸ் ஒட்டாதீர்கள். பழைய சுவருக்கு உள்ளே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, நாலரை அங்குலச் சுவர் ஒன்றைத் தனியாக எழுப்பி அதில் ஒட்டினோம். இடம் கொஞ்சம் போகும், ஆனால் பெட்டிக்குள் பெட்டி மாதிரி, தண்ணீர் பழைய சுவரைத் தொடாது. தரை, வெளித் தரையைவிட அரை அங்குலம்தான் இறக்கம். வாசலோரம் நீளக் கம்பி மூடி போட்ட வாய்க்கால் வைத்தால் தண்ணீர் வெளியே வராது. கைப்பிடிக் கம்பிக்கு இந்தப் புதுச் சுவரில் டைல்ஸ் ஒட்டும் முன்பே இடம் குறித்து, அந்த இடத்தில் கான்கிரீட் நிரப்பி வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் தள்ள முடியாது. காற்றுக் குழாயை மச்சு வழியாக மேலே கொண்டுபோனோம், இரண்டு கட்டைக்கு நடுவில் துளை போட்டு. கட்டையை மட்டும் வெட்டக் கூடாது.

முற்றம்

அப்பா 1989-ல் முற்றத்தை மூடினார். குரங்குத் தொல்லை. மலை அடிவாரத்து ஊர், காயப்போட்ட வற்றல் ஒன்று மிஞ்சாது. திருட்டுப் பயமும் உண்டு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு இருண்ட அடுக்களை 35 வருஷம் பகலிலும் டியூப்லைட்டில் ஓடியது.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை எடுக்கும்போது உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் தெளித்து நனைத்து, நட்டைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும்; இறக்குகிறவர்கள் நல்ல முகக்கவசம் போட வேண்டும், வெறும் துண்டு போதாது. அந்தத் தகட்டுக்குப் பதில் நாங்கள் வைத்தது, சுற்றியுள்ள மச்சு மட்டத்தைவிட ஒன்றரை அடி உயர்த்திய இரும்புச் சட்டம். மேலே பாலிகார்பனேட் தகடு, நான்கு பக்கமும் இரண்டடி வெளியே நீட்டி. அந்த ஒன்றரை அடி இடைவெளியில் கம்பியும் கொசுவலையும். சூடான காற்று அது வழியாக மேலே போய்விடுகிறது, குரங்கு வர முடியாது, சாரல் காலத்தில் தூவானம் மட்டும் கொஞ்சம் வரும். தட்டையாக மூடினால் கண்ணாடி அடுப்பு மாதிரி ஆகிவிடும். உயர்த்தி வைப்பதில்தான் சூட்சுமம். முற்றத்துத் தரை ஓட்டையைப் பெரிதாக்கி 4 அங்குலக் குழாய் போட்டு, வடிகாலைத் தனியாகக் கொண்டுபோனோம். மழைத்தண்ணீரைக் கக்கூஸ் குழாயில் சேர்க்காதீர்கள்.

அடுக்களையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடை உயரத்தைக் கடைக்காரர் சொல்கிறபடி வைக்காமல், சமைக்கிறவர் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே வையுங்கள். நான் குள்ளம், எனக்கு 31 அங்குலம்.

பூச்சும் கம்பியும்

நான் செய்த பெரிய தப்பு இந்த வேலைக்கு முன்னால், 2015-ல். தார்சாச் சுவரில் கீழ்ப்பகுதி உதிர்கிறது என்று சிமென்ட் பூச்சு பூசவைத்தேன். இரண்டே மழைக்காலத்தில் பூச்சுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த இடமெல்லாம் உப்பு பூத்தது. ஓதம் தரையில் இருந்து ஏறத்தான் செய்யும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும், சிமென்ட் அடைத்துவிடும், ஈரம் இன்னும் மேலே ஏறி வழி தேடும். இந்தத் தடவை சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு மாதம் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசினோம். கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் கலந்தார். திண்ணையில் நான்கு நாள் பானகம் மாதிரி ஒரு வாசனை, எறும்பும் வந்தது. பூச்சு காய்வது மெதுவாகத்தான் நடக்கும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் செய்தது வீண், சுண்ணாம்பு அடிப்புதான்.

ஒயரிங் முழுக்கப் புதிது. மரப்பட்டியில் ஓடிய பழையதில் எர்த்தே கிடையாது. மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே தானாக விழுகிற ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம் வையுங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஆழமாகக் காடி வெட்டாமல் குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டச் சொன்னேன். அழகில்லை என்றார்கள். எனக்கு அழகாகத்தான் இருக்கிறது.

காகிதமும் காலமும்

வீடு அப்பா பெயரில் இருந்தது, வாரிசு நாங்கள் நான்கு பேர், அம்மாவோடு. யார் செலவு செய்கிறார், பின்னால் பாகம் பிரிக்கும்போது அந்தச் செலவை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று ஒரு கல் அசைக்கும் முன் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் தம்பி தங்கமானவன், அவனே முதலில் கையெழுத்துப் போட்டான். தங்கமானவர்கள் இருக்கும்போதே வாங்குவதுதான் சுலபம். பொதுச்சுவர் உள்ள அடுத்த வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்லி, அவர்கள் பக்கச் சுவரையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு "உங்க வேலையாலதான் விரிசல்" என்ற பேச்சு வராது. பாரச் சுவரில் கை வைப்பதற்கு முன் நகராட்சியில் அனுமதி பற்றி விசாரிப்பதையும் விடாதீர்கள்.

எங்கள் பக்கம் ஆடி மாதம் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்து, மச்சைத் திறக்கிற வேலையை எல்லாம் சித்திரைக்குள் முடிப்பது நல்லது. நாங்கள் இரண்டு தையாகப் பிரித்துக்கொண்டோம்: முதல் வருஷம் கக்கூசும் முற்றமும், அடுத்த வருஷம் பூச்சும் மிச்சமும். ஒரே மூச்சில் செய்திருந்தால் அம்மாவை எங்கே கொண்டு வைப்பது? கக்கூஸ் முதலில் முடிந்ததால் மற்ற வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்க முடிந்தது. 9 லட்சம் என்று நினைத்தது 11 லட்சத்து 40 ஆயிரத்தில் நின்றது. கூடியதில் பாதி அந்த மூன்று கட்டைக்கும், பிரேக்கர் விரிசலைச் சரிசெய்ததற்கும்.

கடைசியாக ஒன்று. தரையை மூடும் முன் குழாய் போகிற பள்ளம் முழுவதையும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் டேப்பை விரித்துவைத்து, சுவரில் இருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி. ஒயர் போகிற வழியையும் அதே மாதிரி. நான் குப்புறக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா ஜன்னலாகிப்போன நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "ஏட்டி, தரைக்கு எதுக்குப் போட்டோ?" என்றாள். போனில் இருந்தால் தொலைந்துவிடும் என்று பிரின்ட் போட்டு, கிராஃப் தாளோடு சேர்த்து, புது நடை அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.